அத்தியாயம் 4: நாமே பூட்டுவதா, கடையில் கொடுப்பதா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆட்சியர் அலுவலகத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் காலை பத்து மணிக்கு நடந்து போங்கள். மனு எழுதித் தருபவர், ஜெராக்ஸ் கடைக்காரர், சாதிச் சான்றிதழுக்கும் பட்டாவுக்கும் ஆன்லைனில் விண்ணப்பித்துத் தருபவர் என்று ஒவ்வொருவர் மேசைக்கு அடியிலும் ஒரு கேபினெட் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றில் பல, கம்பெனிப் பெயர் ஒட்டி வந்த பெட்டிகள் அல்ல. மதர்போர்டு ஒரு கம்பெனி, ராம் இன்னொன்று, எஸ்எம்பிஎஸ் வேறொன்று என்று வாங்கிப் பூட்டிய அசெம்பிள்டு சிஸ்டம்கள். புதிதாக ஒன்று வாங்கப் போகிறவர் என்னிடம் கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: “யூடியூப் பார்த்து நானே பூட்டிடலாமாண்ணே, இல்ல கடையிலயே சொல்லிடட்டுமா?”

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கணினி ஒரு நாள் ஓடாவிட்டால் அன்றைய வருமானம் போய்விடும் என்றால், உள்ளூர்க் கடையில் கொடுங்கள். படிக்க, கற்றுக்கொள்ள, கேம் ஆட, வீட்டு வேலைக்கு என்றால் உங்கள் கையாலேயே பூட்டுங்கள். ஆனால் எந்தெந்தப் பாகம் என்ற பட்டியலை இரண்டு வழியிலும் நீங்கள்தான் எழுத வேண்டும். பணம் தப்புவதும் போவதும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரை யார் பிடிக்கிறார்கள் என்பது அதற்குப் பிறகு.

கூலிக் கணக்கு

பூட்டுவதற்கான கூலி பெரிய தொகை இல்லை. எல்லாவற்றையும் ஒரே கடையில் வாங்கினால் பல கடைக்காரர்கள் தனியாகக் கூலி கேட்பதில்லை. பாகங்களை வெளியே வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தால் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரம் ரூபாய்ச் சொச்சம் வரை கேட்பார்கள். முப்பதாயிரம் ரூபாய் போட்டு வாங்கும் சிஸ்டத்தில் இதை மிச்சம் பிடிக்க என்று நாமே பூட்ட உட்கார்ந்தால் கணக்கு உதைக்கும்.

வித்தியாசம் வருவது பாகங்களின் விலையில். கடலூரில் ஒரு கடையில் எல்லா மாடலும் இருப்பில் இருக்காது. நீங்கள் கேட்ட போர்டு இல்லையென்றால் அவரிடம் இருக்கிற போர்டைத்தான் எடுத்துக் காட்டுவார். வரவழைத்துத் தந்தால் வண்டிச் செலவும் அவருடைய லாபமும் சேரும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடை வாடகை அவர்தான் கொடுக்கிறார்.

சென்னை ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போய்விட்டு வந்தால் மலிவாக முடியும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அண்ணா சாலையை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் இருக்கிற அந்தச் சின்னத் தெருவில் கிடைக்காத பாகம் கிடையாது என்பது உண்மை. 1984இல் ராஜீவ் காந்தி அரசு புதிய கணினிக் கொள்கையைக் கொண்டுவந்து இறக்குமதியைத் தளர்த்திய பிறகு, பாகங்களை வாங்கிக் கடையிலேயே பூட்டி விற்கும் வழக்கம் நாடெங்கும் பரவியது. டெல்லிக்கு நேரு பிளேஸ், பெங்களூருக்கு எஸ்.பி. ரோடு போல நமக்கு ரிச்சி தெரு. ஆனால் இங்கிருந்து அது 180 கிலோமீட்டருக்கு மேல். போக வர பஸ், சாப்பாடு, ஒரு நாள் வேலை எல்லாம் போக எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். கிராபிக்ஸ் கார்டு போட்ட எழுபது எண்பதாயிரம் ரூபாய் சிஸ்டம் என்றால் போகலாம். சாதாரண ஆபீஸ் சிஸ்டத்துக்குப் புறப்படாதீர்கள். முதலில் இங்கே இரண்டு கடையிலும், இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் இருக்கும் புதுச்சேரியில் ஒரு கடையிலும் விலை கேளுங்கள். சென்னைக்குத்தான் போகிறீர்கள் என்றால் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும்.

கடைக்காரரிடம் நாம் வாங்குவது என்ன

எனக்குத் தெரிந்த டிடிபிக்காரர் ஒருவர், கல்யாணப் பத்திரிகையும் நோட்டீஸும் அடித்துக் கொடுப்பவர், பாகங்களைச் சென்னையில் வாங்கிவந்து வீட்டில் தானே பூட்டினார். நன்றாகத்தான் ஓடியது. ஐப்பசி மழையில் ஒரு நாள் மதர்போர்டு போய்விட்டது. வாரண்டி இருந்தது, சர்வீஸ் சென்டர் சென்னையில். போர்டைப் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். அங்கே கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, பிராசஸர் உட்காரும் சாக்கெட்டில் ஒரு பின் வளைந்திருக்கிறது, இது ஃபிசிக்கல் டேமேஜ், வாரண்டியில் வராது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பூட்டும்போது வளைந்ததா, கழற்றும்போதா, அவருக்கே தெரியாது. முகூர்த்த மாதத்தில் பன்னிரண்டு நாள் சிஸ்டம் இல்லாமல் இருந்தார். அந்தப் பன்னிரண்டு நாளின் பத்திரிகை வேலை பக்கத்துக் கடைக்குப் போனது, அதில் சிலர் திரும்பி வரவே இல்லை.

உள்ளூர்க் கடையில் வாங்கியிருந்தால் அந்தப் பின் யார் கையில் வளைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர். போர்டை சர்வீஸுக்கு அனுப்புவதும் அவர் வேலை. நல்ல கடைக்காரர் என்றால், “இத அனுப்பறேன் சார், வர்ற வரைக்கும் இந்தப் பழைய போர்டைப் போட்டு ஓட்டிக்குங்க” என்று மாற்று கொடுப்பார். எஸ்எம்பிஎஸ் போயிருக்கிறதா, ராம் போயிருக்கிறதா என்று கண்டுபிடிக்க அவரிடம் போட்டுப் பார்க்க உதிரி இருக்கும். நம் வீட்டில் இருக்காது. கடைக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் இதற்குத்தான். ஆகவே கடையைத் தேர்ந்தெடுக்கும்போது விலையோடு சேர்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: போர்டு போச்சுன்னா எத்தனை நாள்ல தருவீங்க, அதுவரைக்கும் மாற்று உண்டா? பதிலில் இழுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.

மாணவர்களுக்கு நான் சொல்வது நேர் எதிர். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளைக்கு அப்பா சிஸ்டம் வாங்கித் தருகிறார் என்றால் அதை அந்தப் பிள்ளையே பூட்டட்டும். ஒரு முறை பூட்டியவருக்கு மூடியைத் திறக்கும் பயம் போய்விடும். மூன்று பீப் சத்தம் வந்து திரை கறுப்பாக நின்றால் ராமைக் கழற்றி, அதன் பொன்னிற முனையை அழிரப்பரால் மெல்லத் துடைத்து, மறுபடி அழுத்தி மாட்டிப் பார்க்கத் தெரியும். கடற்கரை ஊரில் பாதி ‘டிஸ்ப்ளே வரல’ புகார் இந்த ஒரு காரியத்தில் தீர்ந்துவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

‘ஐ5 சிஸ்டம் பன்னிரண்டாயிரம்’

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

‘ஐ5 பிராசஸர், 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி, மானிட்டரோடு பன்னிரண்டாயிரம்’ என்பது மாதிரி அட்டை எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். அது பொய்யில்லை. உள்ளே இருப்பது ஐ5தான். எந்த ஐ5 என்பதை மட்டும் அட்டை சொல்லாது. பெரும்பாலும் அது ஐ5-3470 போன்ற மூன்றாம் தலைமுறைப் பிராசஸராகவோ, நான்காம் தலைமுறையாகவோ இருக்கும். 3470 வெளிவந்தது 2012இல். அலுவலகங்களில் கழித்துப்போட்ட கணினிகளிலிருந்து எடுத்த பிராசஸர். அதை உட்கார வைக்கும் எச்61 போர்டு பளபளவென்று புதிதாக இருக்கும், ஏனென்றால் அந்தப் பழைய வகைப் போர்டை இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். கேபினெட் புதுசு, விளக்கு எரிகிற ஃபேன் புதுசு. மூளை மட்டும் பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய மூளை.

கண்டுபிடிக்கும் வழி சுலபம். இன்டெல்லில் ஐ3, ஐ5 என்பதற்குப் பிறகு வரும் எண்ணைப் பாருங்கள். நான்கு இலக்கமாக 3470 என்றிருந்தால் முதல் இலக்கம் 3, மூன்றாம் தலைமுறை. ஐந்து இலக்கமாக 12400 என்றிருந்தால் முதல் இரண்டும் சேர்த்து 12, பன்னிரண்டாம் தலைமுறை. 2022இல் வந்த ஐ3-12100, பெயரில் ‘3’ இருந்தாலும், அந்தப் பழைய ஐ5ஐ எளிதாக முந்தும். விண்டோஸ் 11ஐ மைக்ரோசாஃப்ட் முறையாக ஏற்பது இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். விண்டோஸ் 10க்கு வழங்கிவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது. பொதுமக்களின் ஆதார் நகலும் வங்கி விவரமும் வந்துபோகிற ஒரு மேசையில் பாதுகாப்பு அப்டேட் வராத கணினியை வைக்கக் கூடாது. அது நம்மை நம்பி வருகிறவருக்குச் செய்யும் தீங்கு.

பழையதே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. டைப் மட்டும் அடிக்கப் போகிற பிள்ளைக்கு, பழையது என்று தெரிந்து, பழையதன் விலையில் வாங்கி, லினக்ஸ் போட்டுக் கொடுத்தால் நன்றாக ஓடும். புதியது என்று நினைத்து வாங்குவதுதான் கூடாது.

நாமே பட்டியல் எழுதும்போது சிக்க வைக்கிற இன்னொரு எழுத்து ‘எஃப்’. ஐ5-12400க்கும் 12400எஃப்புக்கும் விலையில் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். குறைவாக இருக்கிறதே என்று எஃப் வாங்கினால் அதில் படம் காட்டும் பகுதி கிடையாது, தனியாக கிராபிக்ஸ் கார்டு போட்டால்தான் திரையில் ஏதாவது வரும். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் ரைசனிலும், எண்ணுக்குப் பின்னால் ‘ஜி’ இல்லையென்றால் இதே கதை. ராமிலும் கவனம் வேண்டும்: டிடிஆர்4 போர்டில் டிடிஆர்5 ராம் உட்காராது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும். ஒரே சிப்செட்டில் இரண்டு வகைப் போர்டும் விற்பதால் பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

எஸ்எம்பிஎஸ், எர்த், உப்புக்காற்று

மலிவு கேபினெட்டோடு ‘450 வாட்’ என்று லேபிள் ஒட்டிய எஸ்எம்பிஎஸ் ஒன்று இலவசமாக வரும். தூக்கிப் பாருங்கள், காலி டப்பா மாதிரி இருக்கும். கடையில் கொடுத்தாலும் நீங்களே பூட்டினாலும், பட்டியலில் எஸ்எம்பிஎஸ்ஸை மாடல் பெயரோடு தனியாக எழுதுங்கள். ‘80 பிளஸ்’ சான்று பெற்றதாகவும், குறைந்தது மூன்றாண்டு வாரண்டி உள்ளதாகவும் இருக்கட்டும். கிராபிக்ஸ் கார்டு இல்லாத ஐ3 சிஸ்டம், மானிட்டரோடு சேர்த்தே, ஆபீஸ் வேலையில் 100 வாட்டைத் தாண்டுவது அரிது. அதனால் பெரிய எண் தேவையில்லை, தரமான சின்ன எண் போதும். மட்டமான எஸ்எம்பிஎஸ் போகும்போது தனியாகப் போகாது. போர்டையும் எஸ்எஸ்டியையும் கூட்டிக்கொண்டு போகும்.

மஞ்சக்குப்பத்தின் பழைய வீடுகளில் கணினி வைத்தவர்கள் சொல்லும் ஒன்று உண்டு: “கேபினெட்ல கை வச்சா சுருக்குங்குது.” சிஸ்டம் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கடையில் வைத்தால் ஒன்றும் செய்யாது, வீட்டுக்கு வந்தால் மறுபடி சுருக். குறை சுவரில் இருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் மின் இரைச்சலை எர்த்துக்கு வடித்துவிடச் சின்ன கெப்பாசிட்டர்கள் உண்டு. வீட்டில் எர்த் ஒயரே இல்லையென்றால், அந்த வழியாகக் கேபினெட்டின் இரும்பில் 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதி வந்து நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுருக்கோடு போகிறது. ஆனால் யுஎஸ்பி போர்ட்டும் பிரிண்டரும் இப்படித்தான் அடிக்கடி போகின்றன. கணினி வாங்கும் முன் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு அந்த ஒரு பிளக்குக்காவது எர்த் சரியாக இருக்கிறதா என்று டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் சொருகுவதை மட்டும் யாரும் செய்ய வேண்டாம்.

உப்புக்காற்றுக்கு வருகிறேன். தேவனாம்பட்டினம் கடற்கரை நமக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். கேபினெட் திருகு துருப்பதும், பின்பக்க போர்ட்டுகள் பச்சை பூப்பதும் இங்கே இரண்டே வருஷத்தில் பார்க்கிற காட்சி. ஜன்னலுக்கு நேராக, கடல்காற்று படுகிற இடத்தில் வைக்காதீர்கள். தரையிலும் வேண்டாம், மழைக்காலத்தில் ஈரம் ஏறும். தினமும் கொஞ்ச நேரமாவது ஓடவிடுங்கள். ஓடுகிற சூட்டில் ஈரம் தங்காது. மாதக்கணக்கில் மூடி வைத்த கணினிதான் இங்கே சீக்கிரம் போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் பவர் பிளக்கோடு இன்டர்நெட் ஒயரையும் கழற்றுங்கள். மின்னல் அந்த ஒயர் வழியாகவும் வரும். 600 விஏ யுபிஎஸ் ஒன்று, மேலே சொன்ன சின்ன சிஸ்டத்தைக் கால் மணி நேரமாவது தாங்கும். சேமித்துவிட்டு அணைக்க அது போதும். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்தபோது இந்த ஊரில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படி ஒரு சமயத்துக்கு யுபிஎஸ் உதவாது. வேலைக் கோப்புகளின் ஒரு நகல் பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ வேறொரு வீட்டில் இருப்பதுதான் உதவும்.

நீங்களே பூட்டுகிறீர்கள் என்றால்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை ஒதுக்குங்கள். ராத்திரி வேலை முடித்த களைப்பில் தொடங்க வேண்டாம். நல்ல வெளிச்சம், ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், திருகு போட ஒரு கிண்ணம், இவ்வளவுதான் கருவி.

முதலில் கேபினெட்டுக்கு வெளியே பூட்டிப் பாருங்கள். இதை யூடியூபில் பலர் அவசரமாகத் தாண்டிவிடுகிறார்கள். மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே போர்டை வைத்து, பிராசஸர், கூலர், ஒரு ராம், எஸ்எம்பிஎஸ் மட்டும் மாட்டுங்கள். பவர் ஸ்விட்ச் பின்கள் இரண்டையும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டால் சிஸ்டம் எழும். திரையில் எழுத்து வந்துவிட்டால் பாகங்கள் நல்லவை என்று தெரிந்துவிடும். வரவில்லையென்றால் இருபது திருகைக் கழற்றும் வேலை மிச்சம்.

பிராசஸர் வைக்கும் நேரம்தான் மூச்சைப் பிடிக்க வேண்டிய நேரம். இன்டெல்லிலும் ஏஎம்டியின் ஏஎம்5இலும் முடி போன்ற பின்கள் போர்டில் இருக்கின்றன. பிராசஸரின் மூலையில் உள்ள முக்கோணத்தையும் சாக்கெட்டின் முக்கோணத்தையும் நேராக்கி, மேலிருந்து நேராக வைத்து விடுங்கள்; அழுத்தவோ நகர்த்தவோ கூடாது. சாக்கெட்டைப் பூட்டும்போது அதை மூடியிருந்த பிளாஸ்டிக் மூடி தானாகக் கழன்று விழும். அதைக் குப்பையில் போடாதீர்கள். வாரண்டிக்குப் போர்டைக் கொடுக்கும்போது அந்த மூடியோடு கொடுக்க வேண்டும். பின் வளையாமல் போய்ச் சேருவதும் அந்த மூடியால்தான். டிடிபிக்காரருக்கு அன்றைக்கு அது இருந்திருக்கலாம்.

கூலரை நான்கு முனையிலும் எதிரெதிர் மூலையாக அழுத்துங்கள், கிளிக் சத்தம் கேட்க வேண்டும். தனியாக வாங்கிய கூலர் என்றால் அடியில் பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அதை உரிக்காமல் மாட்டிவிட்டுச் சூடாகிறது என்று அழைத்தவர்கள் உண்டு. ராம் இரண்டு போட்டால் பொதுவாக பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது இடம். கேபினெட்டுக்குள் போர்டு உட்காரும் பித்தளைக் கால்கள், போர்டின் ஓட்டை இருக்கும் இடத்தில் மட்டும் இருக்க வேண்டும். கூடுதலாக ஒன்று நின்றால் போர்டின் அடியில் பட்டு ஷார்ட் ஆகும்.

ஃபேன் சுற்றுகிறது, திரை வரவில்லை என்றால் பதற வேண்டாம். பிராசஸருக்கு மேலே மூலையில் இருக்கும் எட்டு பின் பவர் ஒயரை மாட்டினீர்களா என்று பாருங்கள். என் முதல் சிஸ்டத்தில் ராத்திரி இரண்டு மணி வரை நான் தேடியது அதைத்தான். அடுத்தது ராம் முழுதாக இறங்கியதா என்பது. கிராபிக்ஸ் கார்டு இருந்தால் மானிட்டர் ஒயர் கார்டில் மாட்டியிருக்கிறதா என்பது மூன்றாவது.

கடையில் கொடுக்கிறீர்கள் என்றால்

பட்டியலைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள், முழு மாடல் பெயரோடு. ‘500 ஜிபி எஸ்எஸ்டி’ என்று எழுதினால் எது வேண்டுமானாலும் வரும். பூட்டும்போது கூட இருக்க அனுமதி கேளுங்கள். பெட்டிகள் உங்கள் முன்னால் பிரிக்கப்பட வேண்டும், காலிப் பெட்டிகள் எல்லாம் உங்களோடு வீட்டுக்கு வர வேண்டும். ஒவ்வொன்றின் சீரியல் நம்பரையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டால் பிராசஸரும் ராமும் எது என்று காட்டிவிடும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போட்டால் எஸ்எஸ்டி எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும். புதிய எஸ்எஸ்டியில் சில மணி நேரத்துக்கு மேல் இருக்காது. ஆயிரக்கணக்கில் இருந்தால் அன்றைக்கே திரும்பிப் போங்கள்.

விண்டோஸ் ‘போட்டுத் தருகிறோம்’ என்றால் லைசென்ஸா, கிராக்கா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். கிராக் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. திருட்டு நகலைத் திறக்கும் நிரலோடு வேறு என்ன உள்ளே வருகிறது என்று போட்டுத் தருகிறவருக்கே தெரியாது. பேஜ்மேக்கரும் வானவில் எழுத்துருவும் இல்லாமல் முடியாது என்கிற டிடிபிக்காரர் விண்டோஸுக்குப் பணம் கொடுத்தே ஆக வேண்டும், அதைப் பட்டியலில் ஒரு பாகமாகவே சேருங்கள். மற்றவர்களுக்கு உபுண்டு இருக்கிறது. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருக்கிறது. இரண்டும் இலவசம், இரண்டிலும் தமிழ் அடிக்கலாம்.

கடைசியாக பில். கணினிப் பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். பில் இல்லாமல் வாங்கினால் அவ்வளவும் மிச்சம் என்று சொல்வார்கள். அந்தப் பணத்தோடு வாரண்டியும் போகிறது என்பதைச் சொல்ல மாட்டார்கள். பில்லில் ஒவ்வொரு பாகமும் தனி வரியாக, சீரியல் நம்பரோடு இருக்க வேண்டும். ‘அசெம்பிள்டு சிஸ்டம் - 1’ என்று ஒற்றை வரியில் போட்ட பில்லை வைத்துக்கொண்டு எந்த சர்வீஸ் சென்டரிலும் நிற்க முடியாது. தகராறு என்று வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொருளைச் சென்னையில் வாங்கியிருந்தாலும் இணையத்தில் வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். அங்கேயும் முதலில் கேட்பது பில்லைத்தான்.

வாங்கிய அன்றே அந்த பில்லைப் படம் எடுத்து உங்கள் மெயிலுக்கு அனுப்பிவிடுங்கள். தெர்மல் தாளில் அடித்த எழுத்து இந்த ஊர் வெயிலில் சில மாதங்களில் மங்கிவிடும். பிராசஸரின் வாரண்டி மூன்று வருஷம்.